மாமனார் மேல் சவாரி

பல் டாக்டர் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் சரிந்தபடி தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஓடுறது குதிரை. இவன் சும்மா உக்காந்திருக்கான். கோப்பையை மட்டும் இவன்கிட்ட குடுக்கிறாங்க" என்றார்.

பக்கத்தில் மனைவி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் நீச்சல்குளத்தில் பயிற்சியாளர். இருபது வருஷமாக ஊரார் வயிற்றையெல்லாம் உள்ளே இழுக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துபவள். மூன்று வாரம் கழித்து, அவருடைய நாற்பத்தெட்டாவது பிறந்தநாளன்று ஒரு உறையை நீட்டினாள். உள்ளே சவாரிப் பள்ளியில் பத்து வகுப்புக்கான சீட்டு இருந்தது.

"போய்ச் சும்மா உக்காந்துட்டு வாங்க" என்றாள்.

சவாரிப் பள்ளி ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. மணல் கொட்டிய வட்ட மைதானம், சுற்றிலும் வெள்ளையடித்த மரவேலி. பயிற்சி கொடுப்பவள் முப்பது வயதுக்காரி. ஆள் குள்ளம், குரல் மட்டும் வேலியைத் தாண்டிப் போகும். டாக்டருக்கு வாய்த்த குதிரைக்குப் பதிவேட்டில் நீளமாக ஏதோ பெயர் இருந்தது. ஆனால் எல்லோரும் 'மாமனார்' என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் உடனே வராது. போட்ட புல்லை ஒருமுறை முறைக்காமல் தின்னாது. யார் வந்து நின்றாலும் பெருமூச்சு விடும்.

முதல் வகுப்பில் மாமனார் நடந்தார், டாக்டர் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வகுப்பில் மாமனார் ஓட்டமும் நடையுமாகப் போனதும் டாக்டர் சேணத்தின் மேல் சோளப்பொரியாகத் துள்ளினார். அவர் கீழே வரும்போது குதிரை மேலே வந்தது. விழாமல் இருக்க லகானை இறுகப் பிடித்துத் தொங்கினார். இறங்கியபோது, எப்படியோ ஒருவழியாகச் சமாளித்துவிட்டோம் என்ற திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

பயிற்சிக்காரி கடிவாளத்தைக் கழற்றிவிட்டு, "டாக்டர், இங்க கொஞ்சம் பாருங்க" என்றாள்.

குதிரையின் கடைவாயில் தோல் உரிந்து சிவந்திருந்தது. டாக்டரின் கை தானாகவே சட்டைப் பையிலிருந்த சின்ன டார்ச்சை எடுத்தது. உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தார்.

"புதுச் சிராய்ப்பு. இன்னிக்குத்தான் பட்டிருக்கு. எவன் இப்படி முரட்டுத்தனமா கைய வச்சது?"

"நீங்கதான்."

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. அவருடைய நாற்காலியில் குழந்தைகள் தூங்கிப்போவார்கள். ஊசி போட்டதே தெரியவில்லை என்று சொல்லாத ஆளில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கைப்பக்குவத்துக்குப் பெயர் வாங்கியவர், இப்போது ஒரு வாயைக் கிழித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அந்த வாயோ புகார் சொல்லத் தெரியாத வாய்.

"உங்க கையக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "உங்க வயிறுதான் வேலைக்கு வரல. நடு உடம்பு தாங்கலைன்னா, கை லகானப் பிடிச்சுத் தொங்கத்தான் செய்யும். லகானோட அந்த முனை இது வாயில இருக்கு. மூணு வாரம் இந்தப் பக்கம் வராதீங்க. வயித்தையும் முதுகையும் தயார் பண்ணிட்டு வாங்க."

"வயித்தக் குறைக்கணுமா?"

"இருக்கிற வயிறு இருந்துட்டுப் போகட்டும். அதுக்குள்ள ஒரு ஆள் வேலை பார்க்கணும், அவ்வளவுதான்."

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. ஒரு பாயை விரித்தாள். முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக வைத்துக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் தாடை நடுங்க நின்றார், பிறகு பொத்தென்று விழுந்தார்.

"பதினோரு செகண்ட்" என்றாள் அவள். "அதுல ரெண்டு செகண்ட் நீங்க கண்ணாடியச் சரி பண்ணினது."

மறுநாளிலிருந்து அவர் கிளினிக்கே மாறிப்போனது. சீட்டு எழுதும் மேசைக்கு முன் நாற்காலி போய், பெரிய நீல ரப்பர் பந்து வந்தது. அவர் அதன் மேல் காலைப் பரப்பி உட்கார்ந்து, விழாமல் எழுதப் பழகினார். உதவிக்கு இருந்த அக்கா, டாக்டரைவிட ஏழு வயது மூத்தவர், முதல் நாள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"சார், உருண்டு போய் யார் மடியிலயாவது விழுந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல."

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டால் ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தையும் டாக்டர் விடவில்லை. பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் பலகையாகிவிடுவார். இப்படி ஒரு வாரம் ஓடியது. இருபத்தைந்து செகண்டுக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் எவ்வளவு முக்கினாலும் ஒரு செகண்ட் நகரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள தீயணைப்பு வீரர் ஒருவர் வந்தார். கதவு நிலையை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. ஊசி போட்டாயிற்று, டாக்டர் உள்ளே போய்விட்டார். அக்கா கருவிகளை எடுக்கப் பின்பக்கம் போயிருந்தார். வீரருக்குப் பாதி முகம் மரத்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. துடைக்கத் துணி தேடிப் பக்கத்து அறைக் கதவைத் திறந்தார்.

தரையில் டாக்டர் குப்புறக் கிடந்தார். முகம் பீட்ரூட் நிறம், உடம்பு விறைத்திருந்தது, மூச்சைக் காணோம்.

பத்தொன்பது வருஷ அனுபவம் யோசிக்க விடவில்லை. குனிந்தார், புரட்டினார், அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். காத்திருப்பு அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீரர் அவர்களைப் பார்த்து "ஆங்குலங்ஸ்! ஆங்குலங்ஸ்!" என்று கத்தினார். ஆம்புலன்ஸ் என்று சொல்லத்தான் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. தோளில் தலைகீழாகத் தொங்கிய டாக்டருக்கு, வயிறு நசுங்கியதில் பேச்சே வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார். பல் பிடுங்க வந்த ஒரு அம்மாள், "எனக்கு வலி போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா ஓடிவந்து, "அவர இறக்குங்க. உடற்பயிற்சி பண்ணிட்டிருந்தார்" என்றார்.

வீரர் டாக்டரைப் பூப்போல நாற்காலியில் வைத்தார். அசடு வழிய நின்றவர், மேசையிலிருந்த சீட்டை இழுத்து எழுதிக் காட்டினார்: 'நீங்கள் மூச்சே விடவில்லை. செத்துவிட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எங்களால் ஒரு ஆளையும் தூக்க முடியாது.'

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வலிக்காமல் பல்லைப் பிடுங்கி அனுப்பினார்.

அன்று மாலை பாயில் நின்றபோது மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார். விடும்போதுதான் அடிவயிறு தானாக இறுகுவது தெரிந்தது. மனைவி கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பது" என்றாள். அவரும் நிமிர்ந்து பார்க்கப்போய் விழுந்தார். அடுத்த வாரம் ஒரு நிமிஷத்தைத் தாண்டினார். நாலு காலில் நின்று எதிரும் புதிருமாகக் கையையும் காலையும் நீட்டினால் முன்பெல்லாம் பக்கவாட்டில் சாய்வார், இப்போது சாயவில்லை.

மூன்று வாரம் முடிந்து மைதானத்துக்குப் போனவர் முதலில் டார்ச்சைத்தான் எடுத்தார். கடைவாய் சுத்தமாக ஆறியிருந்தது. மாமனார் பெருமூச்சு விட்டார். "மன்னிச்சுக்கோங்க" என்று டாக்டர் வாய்விட்டே சொன்னார். வேலிக்கு வெளியே நின்றிருந்த மனைவி, "எங்கப்பாகிட்ட ஒரு தடவையாவது இப்படிப் பேசியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் ஏறி உட்கார்ந்ததும் பயிற்சிக்காரி லகானை முடிச்சுப் போட்டுக் குதிரையின் கழுத்திலேயே விட்டுவிட்டாள். நீளக் கயிற்றில் குதிரையைத் தன்னைச் சுற்றி ஓடவிட்டு, "கையக் கட்டிக்கோங்க" என்றாள். டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

முதல் சுற்றில் ஆட்டம் இருந்தது. இரண்டாவது சுற்றில் மூச்சு விட்டார், இடுப்பு குதிரையோடு சேர்ந்து போனது. ஐந்தாவது சுற்றில், கிடங்குப் பக்கமிருந்து ஒரு பிளாஸ்டிக் தாள் பறந்துவந்து வேலியில் படபடவென்று அடித்தது. மாமனார் பக்கவாட்டில் ஒரே தாவு தாவினார்.

டாக்டரின் வலது கை லகானை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. அந்தக் கடைவாய் ஞாபகம் வந்தது. கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அடிவயிறு பிடித்தது, முதுகு நிமிர்ந்தது. ஒரு பக்கமாகச் சரிந்த உடம்பு, சரிந்த இடத்தில் ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. நீளமாக மூச்சை விட்டார். குதிரை இரண்டடி வைத்து, காதைத் திருப்பி, நின்றது.

"யாரு பிடிச்சு நிறுத்தினது?" என்று மனைவி வேலிக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"யாரும் பிடிக்கல" என்றாள் பயிற்சிக்காரி. "அவர் உக்காந்தார், அது நின்னுடுச்சு. இன்னும் நாலு சுற்று, டாக்டர்."

நாலும் முடிந்து இறங்கியபோது கால் இரண்டும் ரப்பராகிவிட்டன. டாக்டர் மணலில் அப்படியே உட்கார்ந்தார். மனைவி வேலிக்குள் நுழைந்து வந்து கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானும் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துகொண்டாள். மாமனாரை லாயத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவர் வாசலில் நின்று, பயிற்சிக்காரி வழிவிட்ட பிறகுதான் உள்ளே போனார்.

"ஊருக்கு வந்தா எங்கப்பாவும் இப்படித்தான்" என்றாள் மனைவி.

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததும் விலாவிலிருந்து அடிவயிறு வரை சுளீரென்று இழுத்தது.

"தயவு செஞ்சு சிரிக்க வைக்காத. வலிக்குது."

"எங்க வலிக்குது?"

"எல்லா இடத்துலயும்."

"அப்ப எங்கப்பா லிஃப்டுல மாட்டிக்கிட்ட கதைய இன்னிக்குச் சொல்ல வேண்டாம்" என்றவள், அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வதற்குள் சொல்லத் தொடங்கினாள்.