துரைமார் ஓட்டலின் பின்ஜன்னல்

1

இந்தக் கதை ஓர் ஆணியில் தொடங்கியது. 1983-ல் போடியில் பஸ்சுக்காக நின்றபோது, ஒரு பழைய கட்டடத்தின் பின்சுவரில் துருப்பிடித்த ஆணிகளை வரிசையாகப் பார்த்தேன். ஆணிக்குப் பின்னால் ஓட்டலைக் கட்டியது நான். ஆணியைப் பார்த்தா கதை எழுதுவது என்று கேட்பீர்கள். துரையைப் பார்த்து எழுதினால் மட்டும் சரியா?

அதையும் எழுதிப் பார்த்தேன்: 'ஏலக்காய்த் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரர், போடிமெட்டிலிருந்து குதிரையில் இறங்கி வந்து, நூறு வருஷத்துக்கு முன் இந்த ஓட்டலை...'

(அடித்துவிட்டேன். வரலாறு எழுத உட்காரும் எல்லோரும் அந்த ஆளைக் குதிரையில் இறக்கிக்கொண்டே இருக்கிறோம். குதிரைக்கும் அலுத்திருக்கும்.)

2

இரண்டாவது தொடக்கத்தில் பாண்டியம்மாள் வந்தாள். ஓட்டலின் சமையல்காரி. அவள் அம்மா ஏலக்காய் மூட்டை சுமந்து மலையிறங்கியவள். அந்தக் காலத்தில் சுமைக்கூலிகளுக்கு ஓட்டலுக்குள் இடமில்லை. பின்ஜன்னல் வழியாகத்தான் டீ. ஜன்னல் இடுப்பு உயரத்தில்தான், குனிந்துதான் வாங்க வேண்டும். தம்ளரும் கிடையாது. ஆளுக்கொரு கொட்டாங்கச்சி; குடித்துக் கழுவி, வெளிச்சுவரில் அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

(இதில் ரகசியமே இல்லை. ஊருக்கே தெரியும். அந்தச் சுவரைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.)

'பாண்டியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு...' இல்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. எனக்குத்தான் அழுகிற பெண்களை எழுதிப் பழக்கம்.

3

ஓட்டலின் நூறாவது ஆண்டு விழாவுக்கு முதல் நாள். முதலாளி உக்கிரபாண்டி, ஆணிகளைப் பிடுங்கி ஜன்னலையும் அடைக்கச் சொல்லிக் கொத்தனார் பெரியகருப்பனைக் கூட்டி வந்தார். பாண்டியம்மாள் கரண்டியோடு வந்து சுவருக்கு முன்னால் நின்றாள்.

"தள்ளு ஆத்தா. வெரசா முடிக்கணும்," என்றார் உக்கிரபாண்டி.

"நூறு வருசத்துக் கதையச் சொல்லத்தான மேடை போட்டிருக்கீக. இது எந்தக் கதை மொதலாளி?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான. அத எதுக்கு வர்ற ஆளுக கண்ணுல காட்டிக்கிட்டு?"

"துரை படுத்த கட்டிலுக்கு மாலை போட்டிருக்கீக. எங்காத்தா ஆணிக்கு மட்டும் சாந்தா?"

"அடுப்புச் சோலி பாக்குறியா, இல்ல வீட்டுக்குப் போறியா?"

இந்த அடுப்பை விட்டால் அவளுக்கு மறுபடியும் மலைதான், மூட்டைதான். அது அவருக்கும் தெரியும்.

"அடுப்புச் சோலியே பாக்குறேன்," என்றாள்.

பெரியகருப்பன் கரணையைக் கீழே வைத்தான். "எங்கய்யா ஆணியும் இதுல இருக்கு மொதலாளி. நான் பூசமாட்டேன்."

விடிந்தால் விழா. வேறு கொத்தனாருக்கு எங்கே போவது? உக்கிரபாண்டி சுவர் முழுக்கப் பந்தல் துணியைத் தொங்கவிட்டார்.

4

முடிவு அ: துணிக்குப் பின்னால் நின்று பாண்டியம்மாள் எல்லோருக்கும் பாயசம் ஊற்றினாள். (முதலாளிக்குப் பிடித்த முடிவு. கிழித்துவிட்டேன்.)

முடிவு ஆ: தேவாரம் ஊர்ப் பக்கமிருந்து ஒற்றை யானை வந்து ஓட்டலை இடித்துத் தள்ளியது. (கோபத்தில் எழுதினேன். யானைக்கு வேறு சோலி இருக்கிறது.)

முடிவு இ: பேச்சுகள் முடிந்து பெரிய மனிதர்கள் டீயை எதிர்பார்த்த நேரத்தில், பாண்டியம்மாள் சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டாள். பின்ஜன்னலைத் திறந்து துணியைப் பிடித்து உருவினாள். ஆணிதோறும் கொட்டாங்கச்சி தொங்கியது. காலையிலேயே மாட்டி வைத்திருந்தாள்.

"டீ வேணுங்கிறவுக இந்தப் பக்கம் வாங்க. ஆளுக்கொன்னு எடுத்துக்கங்க."

உக்கிரபாண்டி ஜன்னலுக்கு ஓடிவந்தார். "இன்னையோட ஒனக்கு வேலை இல்ல."

"சரி மொதலாளி. ஆறிப்போகுது, ஒரு வாய் குடிச்சிட்டுச் சொல்லுங்க."

5

இதற்கு மேல் எழுத மாட்டேன். அவர் மனம் மாறினார் என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள். உங்களை அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை.

இவ்வளவு நேரம் எங்கே நின்று படித்தீர்கள் என்று பாருங்கள். ஜன்னலுக்கு வெளியேதான், முதலாளிக்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக. பாண்டியம்மாள் உங்களையும் பார்த்துவிட்டாள். டீயை ஊற்றத் தயாராகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்திருக்கிறாள்.

குனிந்துதான் வாங்க வேண்டும்.