சகலை செய்த உளி

பெரிய மாப்பிள்ளைக்கு வயிற்றெரிச்சல். மருந்துக்கடை மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை அது. அதற்குப் பெயர் சின்ன மாப்பிள்ளை, அதாவது அவருடைய சகலை.

அந்தக் குடும்பத்தில் மரம் கடைவது என்றால் அது பெரிய மாப்பிள்ளைதான். ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் லேத் மெஷினோடுதான் குடித்தனம். மாமனாரின் கைத்தடி, மாமியாரின் உப்புக் கிண்ணம், கூடத்து விளக்கின் தண்டு எல்லாம் அவர் கைவண்ணம். கொழுந்தியாளைக் கட்டிக்கொண்டு வந்தவன் முதலில் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தான். பிறகு தானும் ஒரு லேத் வாங்கினான். அதுவரைக்கும்கூட பெரிய மாப்பிள்ளை பொறுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்த மகராசன் உளியையே சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தான். பழைய இரும்புக் கடையில் தேய்ந்த அரங்களை அள்ளிக்கொண்டு வந்து, தேய்த்து, முனை பிடித்து, தானே கடைந்த கைப்பிடியைப் போட்டு வரிசையாகச் சுவரில் மாட்டிவிட்டான்.

"சின்னவர் உளியைக்கூட அவரே செஞ்சுக்கறாராம்! பெரியவர் கடையில வாங்கினதுலதானே கடையறாரு," என்றார் மாமியார். துளி விஷம் இல்லாமல் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

பெரிய மாப்பிள்ளையும் யாருக்கும் தெரியாமல் ஒன்று செய்து பார்த்தார். சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்ததில் முனை சூடேறி நீலம் பாரித்தது. ஒரு ஸ்டூல் கால் கடைவதற்குள் மழுங்கிப்போனது. அதை ஷெட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார். அப்புறம் வெறி பிடித்து, இரும்பைப் பதப்படுத்துவது பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தார். அறிவு வந்தது, எரிச்சல் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. போனதும் போகாததுமாக அவன் இவரைப் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, ஒரு குழப்பம். புதுசா மூணு உளி. ஓவன்ல வெச்சு எடுக்கறதுக்குள்ள, கேக் வெக்கணும் காலி பண்ணுங்கன்னு இவ ஒரே சண்டை. எது உள்ள போச்சு, எது போகலைன்னு தெரியல. மூணையும் பாலிஷ் வேற போட்டுட்டேன், நிறத்தை வெச்சும் சொல்ல முடியல. இதை மட்டும் கொஞ்சம் பாருங்களேன்," என்று அதில் ஒன்றை நீட்டினான்.

அரத்து இரும்பு கண்ணாடி ஜாதி. மிதமான சூட்டில் வைத்து அதன் விறைப்பைக் குறைக்காவிட்டால், சுற்றுகிற மரத்தில் பட்டதும் உடைந்து முகத்தில் பாயும். பெரிய மாப்பிள்ளை மேஜையிலிருந்த சின்ன அரத்தை எடுத்து உளியின் முதுகில் ஓட்டிப் பார்த்தார். பதம் போட்டிருந்தால் அரம் கொஞ்சமாவது கடித்திருக்கும்; இது துளிகூடப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஓவன் பக்கமே போகாத உளி.

உடையட்டும் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் உடையட்டும். முகத்தில் பாய்வதைப் பற்றி அவர் நினைக்கவில்லை, நினைக்க மனசு வரவில்லை.

"நல்லாத்தானே இருக்கு தம்பி," என்றார்.

சின்னவன் முகமெல்லாம் பல்லாகி வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "எல்லாரும் வாங்க! அண்ணனுக்குன்னே செஞ்சேன் இதை. அவர் கையாலயே மொதல்ல கடையட்டும்."

கும்பல் கூடிவிட்டது. லேத்தில் கட்டை தயாராக இருந்தது.

"தோள்ல புடிச்சிருக்கு. இன்னொரு நாள் பாக்கலாம்," என்றார் பெரிய மாப்பிள்ளை.

"ஆசையா செஞ்சு குடுக்கறாரு, என்னங்க நீங்க? குடுங்க, நான் பிடிக்கறேன். உங்க மெஷின்ல நான் கடையாததா?" என்று அவர் மனைவி உளியை வாங்கிக்கொண்டாள். சின்னவன் சுவிட்சைப் போட்டான். கட்டை சுழன்றது. அவள் குனிந்தாள், முகம் கட்டைக்கு நேராக.

அவர் பாய்ந்து உளியைப் பிடுங்கி, பக்கத்தில் கட்டையை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு துண்டு.

யாரோ லேத்தை நிறுத்தினார்கள். "என்ன மாப்பிள்ளை இது?" என்றார் மாமனார். மனைவியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. உளி சரியில்லை என்று சொல்லலாம். நல்லாயிருக்கு என்று சொன்னவரும் அவர்தானே.

சின்னவன் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். உடைந்த இடத்தைப் பார்த்தான். மேஜை மேலிருந்த சின்ன அரத்தைப் பார்த்தான். அப்புறம் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நல்ல வேளை!" என்றான் எல்லோரையும் பார்த்து. "பதம் போடாத உளி இதுதான் போல. என் தப்பு. அண்ணன் கடைசி நேரத்துல கண்டுபிடிச்சுட்டாரு. இல்லேன்னா அக்கா மூஞ்சி என்ன ஆகியிருக்கும்?"

"அனுபவம்னா சும்மாவா?" என்றார் மாமியார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள்.

சின்னவன் நின்றான். "எப்பண்ணே தெரிஞ்சுது?"

"அரத்தை ஓட்டிப் பாத்தப்பவே."

அவன் தலையாட்டினான். துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டான். "சரி, வாங்க, சாப்பிடலாம்," என்றான்.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பெரிய மாப்பிள்ளை தாங்கியிருப்பார். உளி செய்கிறவன் என்றுதான் இத்தனை நாள் வயிறு எரிந்தது. இப்போது அந்த மனுஷனே எரிந்தான் வயிற்றில். பந்தியில் மாமியார் முதல் கரண்டியை அவருக்குத்தான் பரிமாறினார். ஒரு வாய் இறங்கவில்லை.