நாடா கட்டாத சட்டை

கையில் பென்சில் இருந்தால் எனக்குப் பயம் கிடையாது. மற்ற நேரத்திலும் அவ்வளவாகக் கிடையாது என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வாள். திருச்சூரில் ஓவியம் படிக்கிறேன். விடுமுறைக்குக் கொழிஞ்சாம்பாறை வந்ததும் கல்லூரிக் கண்காட்சிக்கென்று ஒரு படம் வரைந்தேன். கைக்குழந்தைச் சட்டை. மல்துணி, முன்னால் நாடா வைத்தது. கடையில் தொங்கியதைக் கண்ணாலேயே வாங்கி வந்து வரைந்தேன்.

காசு கொடுத்து வாங்க முடியாது. பிறக்கும் முன் பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுக் கண்டிப்பு. போன தடவை அண்ணன் ஆசைப்பட்டு எடுத்துவிட்டான். ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்கவில்லை. அம்மா அந்தத் துணிகளை மூட்டை கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டாள். இப்போது அண்ணி செல்வப்பிரியாவுக்கு ஒன்பதாம் மாதம். வயிற்றில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேர் யோசித்தீர்களா என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. படத்தை முதலில் அவளுக்குத்தான் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

சாப்பாட்டு மேசையில் விரித்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"ஏண்டி, கிறுக்குப் புடிச்சிருக்குதா உனக்கு? இந்நேரத்துல சட்டை எடுக்கலாமா?"

"எடுக்கலம்மா, வரைஞ்சிருக்கறேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். சுருட்டி உள்ள வெய்யி."

அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். நான் சுருட்டவில்லை.

அவள் குனிந்து, தையல் போன வழியே கண்ணை ஓட்டினாள். அக்குளில் துணி சுருங்கிய இடத்தில் நின்றாள். நான் அதிகம் பாடுபட்டதும் அங்கேதான். கழுத்தோரத்து நிழலைத் தொட்டுவிட்டுத் தன் விரலைப் பார்த்தாள்.

"துணியாட்டவே இருக்குது நர்மதா. நாடாவ ஏன் கட்டாம உட்டுட்டே?"

"போடற ஆள் வரோணுமல்லங்க அண்ணி. வந்தப்புறம் நீங்க கட்டுங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள். கெடுத்துவிட்டேனோ என்று எனக்கே தோன்றியது.

திரும்பி வந்தபோது அவள் விரல் நுனி மஞ்சளாக இருந்தது. புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்துவதில்லை. "அண்ணி, கண்காட்சிப் படம்!" என்று நான் கத்துவதற்குள் சட்டையின் கீழோரத்தில் அழுத்தி வைத்துவிட்டாள். ஈர மஞ்சள். பென்சில் கரியோடு குழைந்து பரவியது.

"என்ற புள்ளைக்கு," என்றாள் அண்ணி. அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை இத்தனை மாதத்தில் அன்றுதான் கேட்டேன்.

அம்மா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குக் கிட்டே வந்தாள்.

"ஒரு ஓரத்துல மட்டும் வெச்சா எப்பிடி கண்ணு? கழுத்துக்கிட்டயும் வெய்யி."

அண்ணி விரலைக் கொண்டுவந்தாள். தாள் நகராமல் இரண்டு பக்கமும் நான் பிடித்துக்கொண்டேன்.