அறுபது எண்ணும்வரை

என் புருஷன் நேவியோ காலை ஆறரை மணிக்கு இறந்தார். ஏழு மணிக்கு அவர் தம்பி ரெமோ என்னிடம் வந்து, துக்க மணியைப் பதினொன்றுக்கு மேல் அடித்துக்கொள்ளலாம் என்றான். விருந்தினர்கள் தூங்குகிறார்களாம்.

எங்கள் ஹோட்டலில் பன்னிரண்டே அறைகள். கோட்டை வாசலைத் தாண்டியதும் முதல் கட்டடம், கோயிலுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். மூன்று ஊருக்கு ஒரே பாதிரியார் என்று ஆன பிறகு கோயில் சாவியும் எங்கள் வரவேற்பு மேசைக்குப் பின்னால்தான் தொங்குகிறது. போன வருஷம் எவளோ ஒருத்தி, அறை அருமை, விடியற்காலை மணிதான் தலைவலி என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனாள். உடனே ரெமோ ஒரு முழுப் பன்றித்தொடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதிரியாருக்குக் கொடுத்து, காலை மணியை நிறுத்திவிட்டு வந்தான். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் என்மேலேயே இருக்கிறது.

துக்க மணி அப்படி இல்லை. ஆண் இறந்தால் மூன்று மூன்றாக ஒன்பது முறை, பிறகு அவன் வயது எத்தனையோ அத்தனை முறை. ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு எண்ணும். எண்ணி முடிக்கும்போது யார் என்று தெரிந்துவிடும். காப்பித்தூளும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார்கள். மணி அடிக்காத சாவு எங்களுக்கு அநாதைச் சாவு. மூன்று மாதம் படுக்கையில் கிடந்த மனுஷன் என்னிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான். அதை ரெமோவிடம் சொன்னேன்.

“அண்ணி, பன்னெண்டு ரூமும் நிறைஞ்சிருக்கு. அண்ணனுக்கு இனிமே காது கேக்கவா போகுது?”

“அவருக்குக் கேக்காதுடா. ஊருக்குக் கேக்கணும்.”

அவன் கண்ணாடியைப் பார்த்து டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். மாடியில் அண்ணன் பிணமாகக் கிடக்கிறார், இவனுக்கு டை ஒரு கேடு. எனக்கு உச்சந்தலை எரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

மணியை மின்சாரத்துக்கு மாற்றிய பிறகும் பழைய கயிறு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இழுப்புக்கு ஒரு வசவு வீதம் ரெமோவைத் திட்டிக்கொண்டே இழுத்தேன். எண்ணிக்கையை மட்டும் தவறவிடவில்லை. ஒன்பது முடிந்து வயதை எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பத்தொன்பது என்று நான் சொல்லவும், அவன் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஜன்னலைத் திறந்து விருந்தினர்கள் கத்துகிறார்கள், ஊருக்குப் புரிந்திருக்கும், போதும் என்றான். என்னை வெளியே தள்ளி, கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

ஊருக்கு நன்றாகவே புரிந்தது.

நான் உணவுக்கூடத்துக்குள் நுழைந்தபோது, மணியில் ஏதோ பழுது, மன்னியுங்கள் என்று அவன் மேசை மேசையாகச் சிரித்துக்கொண்டு காப்பி ஊற்றினான். அண்ணன் சாவு பழுதாம். அந்தக் கூஜாவை வாங்கி அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் கதவு திறந்தது. ரொட்டிக்கடை செத்திமியோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு நெரீனா, அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. நெரீனா நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“நாப்பத்தொம்பது சாகுற வயசாடி? அண்ணன் தம்பி ரெண்டு பேர்ல படுத்துக் கெடக்குறவரு இருக்காரு. நேத்து வரைக்கும் ஓடியாடிட்டிருந்த ரெமோவா போகணும்?”

கூஜாவோடு ரெமோ அப்படியே நின்றான். முதலில் அவனைப் பார்த்தது செத்திமியோதான். கெட்டது அண்டாமல் இருக்கச் சட்டென்று ஜன்னலின் இரும்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டார். ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கிறானே என்று ஒருவர் முகத்திலும் சந்தோஷத்தைக் காணோம். பாதியில் நின்ற மணிக்கு யார் காரணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“இன்னும் பதினொண்ணு இருக்கு,” என்றேன். “நீயே போய் அடி. இல்லேன்னா உனக்கு அடிச்சதாவே இருக்கட்டும்.”

கூஜாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். பதினொன்றோடு நிற்கும் என்றுதான் காத்திருந்தேன். மூன்று, பிறகு மூன்று, பிறகு மூன்று. முதலிலிருந்து ஆரம்பித்திருந்தான். எல்லாரும் நின்றபடி எண்ணினார்கள். விருந்தினர்கள் மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள். அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நாற்பத்தொன்பதைத் தாண்டியதும் நெரீனா சிலுவை போட்டுக்கொண்டாள். அறுபதில் மணி நின்றது. இறந்தது யார் என்று அவள் கேட்கவில்லை. காப்பித்தூள் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, மாடிப்படி ஏறினாள்.