நகராத அரை அடி

அன்று லோர்னா போட்டிருந்த ஸ்வெட்டர் பச்சையா நீலமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். அன்று விற்பனைக்கு வந்த ஆறு நிற ஸ்வெட்டர்களையும் தேய்த்து மாட்டியது நான். பச்சை என்றுதான் நினைவு. லோர்னா நீலம் என்கிறாள். மற்றதெல்லாம் அவள் சொன்னபடியே.

பென்சில்வேனியாவில், டிவியில் பொருள் காட்டி விற்கும் ஒரு ஷாப்பிங் சேனலில் லோர்னா பதினோரு வருஷமாக மாடல். மாடல்கள் பேசுவதில்லை. நடந்து வருவார்கள், திரும்புவார்கள், நிற்பார்கள். பேசுவது தொகுப்பாளர் கோரினும், துணியை விற்க வந்த கம்பெனிக்காரரும். துணியின் மென்மையைக் காட்ட அவர்கள் மாடல் மேல் கைவைத்தாக வேண்டும். அதற்கு எங்கும் எழுதாத ஒரு முறை இருந்தது. கையையும் உடுப்பின் கீழ் ஓரத்தையும் கேட்காமல் தொடலாம். மற்ற இடமென்றால் ஒளிபரப்புக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். அப்படியும் பிடிக்காத இடத்தில் கை பட்டால் மாடல் அரை அடி நகர்ந்து நிற்பாள். தொட்டவர் பேச்சை நிறுத்தாமல் கையை எடுத்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. நகராவிட்டால் சம்மதம்.

பிப்ரவரியில் புற்றுநோய் என்று லோர்னாவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளிலிருந்து விலா வரை உணர்ச்சி போய்விட்டது. அலுவலகத்தில் பித்தப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாள். உண்மை தெரிந்தால் அக்டோபரில், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமென்று, இளஞ்சிவப்பு ரிப்பனைக் குத்தி, கையில் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொல்வார்கள். பதினோரு வருஷம் பேசாமல் நின்றவள், முதன்முதலாகப் பேசுவது இதைப் பற்றியா? வெளிச்சத்தில் வந்து திரும்பிப் போகிற ஓர் உடம்பாகவே இருந்துவிட நினைத்தாள். அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஜூனில் திரும்பி வந்தாள். உள்ளாடைக்குள் சிலிகான் மார்பு. மேக்கப் அறையில் கோரின் வழக்கம்போல எங்கே தொடலாம் என்று கேட்டாள். இடது பக்கம் வேண்டாமென்றால் காரணம் கேட்பாளோ என்று, எங்கே வேண்டுமானாலும் என்றாள் லோர்னா. அப்படி ஏதாவது ஆனால் நகர்ந்துகொள்ளலாம் என்று எண்ணம். தொடுவது தெரிந்தால்தானே நகர முடியும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒளிபரப்பு தொடங்கியதும் கம்பெனிக்காரர் ட்வைட் மன்கூசோ பேசிக்கொண்டே இருந்தார். எதிரே இருந்த திரையில் லோர்னா ஒரு கையைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் பச்சை ஸ்வெட்டரில், விலாப்புறத்தில் ஓர் ஆணின் கை தையலைப் பிடித்து இழுத்தது. யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது தான்தான் என்று புரிய நேரமாயிற்று.

அவள் நகராததைப் பார்த்து, கோரினும் அதே இடத்தில் கைவைத்தாள். துணியை இரண்டு விரலால் பிடித்து இழுத்து விட்டாள். உள்ளே இருந்த சிலிகான் கீழே இறங்கியது. திரையில் இடது பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து தெரிந்தது. லோர்னாவுக்கு வெட்கமாகக்கூட இல்லை.

கோரினின் கை அப்படியே நின்றது. பேச்சும் நின்றது. மூன்று நொடி இருக்கும். அத்தனை வருஷத்தில் ஒளிபரப்பில் அவள் வாயடைத்து நாங்கள் பார்த்ததில்லை. பிறகு கேமராவுக்கும் லோர்னாவுக்கும் நடுவில் அரை அடி நகர்ந்து நின்றுகொண்டு, தன் கையில் இருந்த சிவப்பு ஸ்வெட்டரின் பொத்தான்களைப் பற்றி விடாமல் பேசினாள். லோர்னா பின்னால் திரும்பி உள்ளே வந்துவிட்டாள்.

இடைவேளையில் கோரின் உடை மாற்றும் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். 

"பித்தப்பைன்னு சொன்னியேடி," என்றாள் கோரின்.

"அதுவும் உடம்புலதானே இருக்கு."

"நீ நகரவே இல்லையே. நகர்ந்திருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

"தெரியலை கோரின். அந்த ஆளு தொட்டதும் தெரியலை, நீ தொட்டதும் தெரியலை."

கோரின் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த உடுப்போடு நான் உள்ளே போனபோது, எதுவும் நடக்காததுபோல மறுபடி கேட்டாள்.

"எங்கே தொடலாம்?"

"வலது கை. அவ்வளவுதான்."

"சரி," என்றாள் கோரின். காரணம் கேட்கவில்லை. அதன் பிறகு யாரிடமும் சொல்லவும் இல்லை.

மறுநாள், இடது பக்கம் தொங்குகிறதே, தையல் கோளாறா என்று ஒஹாயோவிலிருந்து ஒரு பெண் கேட்டு எழுதினாள். ட்வைட் மன்றாடாத குறையாக மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டு, தொழிற்சாலைக்கு ஒரு ஸ்வெட்டரை அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். அவர் அடுத்த வருஷம் வேறு கம்பெனிக்குப் போனார். கோரின் இன்னும் அதே சேனலில் இருக்கிறாள். லோர்னா மேலும் இரண்டு வருஷம் மாடலாக நின்றாள், ஒரு அக்டோபரிலும் பேசவில்லை. இப்போது ரெடிங் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். இடது பக்கம் உணர்ச்சி திரும்பவில்லை. நான் துணி தேய்க்கிறேன்.