தொட்டி மாறிப் பூத்த அல்லி

…அப்படியானால் பூ யாருடையது, இரண்டு அல்லியைக் கலந்தது நான்தானே, இல்லையென்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம் என்று மெஹராஜ் பேகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தனக்குள்ளேயே வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள். மயிலாடுதுறைக் கல்யாண மண்டபத்தில் மலர்க் கண்காட்சி, மேடையில் ஒருவர், மைக்கைப் பிடித்தால் விடாத ரகம், பேசிக்கொண்டே இருந்தார், மத்தியானம் ஆனால் அல்லி கூம்பிவிடும் என்று இவருக்கு யார் சொல்வது… இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டுவிடுவார்கள், இந்த ஆண்டின் சிறந்த புதிய அல்லி, உருவாக்கியவர் குடவாசல் மெஹராஜ் பேகம்… கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் எழுந்து வீட்டுக்கே போய்விடலாம் போல இருக்கிறது? பக்கத்தில் எதிர்வீட்டு அம்சவல்லி, பட்டுப்புடவை கட்டி, தன் வீட்டு விசேஷம் போலப் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள். "தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்கிறாள். வேண்டாம். இவள் இப்படிச் சிரித்துக்கொண்டே இருப்பதுதான் புரியவில்லை.

மொட்டைமாடித் தொட்டியில் மஞ்சள் அல்லி முதல் நாள் விரிந்த அன்று, அதன் நடுக்குழியில் ஊறி நின்ற நீரில் ஊதா அல்லியின் மகரந்தத்தை பிரஷால் தட்டி உதிர்த்தது யார், தேனீ நுழையாமல் கொசுவலைத் துணி கட்டியது யார், காய் வெடித்து விதை மிதந்தபோது டீ வடிகட்டியால் அள்ளியது யார்… எல்லாம் மெஹராஜ். சரி. ஆனால் அந்த நாற்று பூத்தபோது? நோஞ்சான் பூ, சாயம் போன துணி மாதிரி ஒரு நிறம், பார்த்ததுமே மனம் விட்டுப்போயிற்று, துபாயிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் பார்த்துச் சிரித்தது வேறு… "வாய்க்கால்ல கொட்டிடு அம்சா" என்று வாளியோடு தூக்கிக் கொடுத்ததும் இதே மெஹராஜ்தான். அம்சவல்லி கொட்டவில்லை. பாவமாக இருந்ததாம், தானே வைத்துக்கொண்டாளாம். அவள் வீட்டுத் தொட்டியில் வயல் சேறும் வேப்பம் புண்ணாக்கும் தின்று அடுத்த வருஷம் அது பூத்த பூ இருக்கிறதே, உள்ளே மஞ்சள், ஓரமெல்லாம் சின்ன வெங்காயத் தோலின் நிறம், தெருவே போய்ப் பார்த்தது. மெஹராஜ் கடைசியாகத்தான் போனாள். அல்லி வளர்க்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, கொடுத்த நாற்றைத் திருப்பிக் கேட்கக் கூடாது, ஆனால் அது யார் தொட்டியில் பூத்தாலும் கலந்தவர் பேர்தான்… கொட்டச் சொன்ன நாற்றுக்கும் அந்த வழக்கம் செல்லுமா? இதை யாரிடம் போய்க் கேட்பது? போட்டிக்குப் பூவைக் கொண்டுபோனவள் அம்சவல்லி, வந்து சொன்னதும் அவளே, "உங்க பேர்லதான் குடுத்திருக்கேன்க்கா." நல்ல மனசா, இல்லை குத்திக்காட்டுகிறாளா? வேண்டாம், உன் பேரைப் போடு என்று சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை… பொறாமையாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது, எது எதனால் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கூப்பிட்டேவிட்டார்கள். "போங்கக்கா" என்று அம்சவல்லி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். படி, வெளிச்சம், யாரோ போர்த்திய சால்வை, நினைத்ததைவிடக் கனமான கேடயம்… சொல்லிவிடலாம், இது அவள் காப்பாற்றிய செடி என்று, சொன்னால் என்ன குறைந்துவிடும், ஆனால் நான் கலந்ததும் பொய்யில்லையே, அதையும் சேர்த்தா விட்டுக்கொடுப்பது, பாதியைச் சொல்லலாமா, பாதி என்றால் எந்தப் பாதி… நடுவராக வந்திருந்த விஜயலட்சுமி அம்மாள் சிரித்த முகமாக மைக்கை நீட்டினார். "எவ்வளவோ நாத்து போட்டிருப்பீங்க, இதுதான் தேறும்னு எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" மண்டபம் கைதட்டியது. மெஹராஜ் கீழே பார்த்தாள். அம்சவல்லி மட்டும் தட்டவில்லை, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, காலையிலிருந்து இருந்த சிரிப்பு இல்லாமல், பதிலைக் கேட்கக் காத்திருந்தாள். இவளுக்கும் இந்தப் பேர் வேண்டியிருக்கிறது என்று மெஹராஜுக்கு அப்போதுதான் தோன்றியது, மைக்கோ வாய்க்கு நேரே இருந்தது.