அட்டையை மேசை மேல் வைக்கவும்

மேசை மேல் பதினோரு வேலைவாய்ப்பு அட்டைகள் இருந்தன. பன்னிரண்டாவது, கங்காவின் கைப்பையில் இருந்தது. பையை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

படப்பையில் ஓர் அரிசி மில்லின் பழைய கிடங்கில் நடந்த சுயதொழில் பயிற்சிக்கு அன்று கடைசி நாள். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் பயிற்சி. நாற்பது நாள், பன்னிரண்டு பேர், ஒரே ஒரு மோட்டார். முதல் வாரம் அதைச் சுற்றினார்கள், இரண்டாம் வாரம் பிரித்தார்கள், மூன்றாம் வாரம் மறுபடி சுற்றினார்கள். மீதி நேரமெல்லாம் பயிற்சி அதிகாரி தணிகாசலத்தின் பேச்சு. "வேலையைத் தேடாதீங்க, வேலை உங்களைத் தேடட்டும். நெனச்சா போலாம், நெனச்சா படுக்கலாம், கேக்க ஆளில்ல. மாசச் சம்பளங்கிறது அடிமைத்தனம்." இதைச் சொல்வதற்காக அவர் இருபத்திரண்டு வருட சர்வீசோடு தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். மழையில் பஸ் தாமதமான அன்று, சுதந்திரத்தைப் பற்றிய வகுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, பதிவேட்டில் பத்து என்று எழுதலாமா பத்தேகால் என்று எழுதலாமா என்று அரைமணி யோசித்தார்.

கம்பி சுற்றுவதில் கங்காவின் விரலுக்கு ஈடில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் சேரப்பணஞ்சேரியில் புகைந்துபோன மோட்டாரைப் பார்க்க அவள் போனபோது, கிணற்றுக்காரர் கன்னியப்பன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பள யாரும் வர்லியாம்மா?" என்றார். வேலை அவளைத் தேடிய லட்சணம் அது. அதனால்தான் அட்டையை அவள் விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் பத்தாவது தேறியதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தது. தவணை தப்பினால் வரிசையின் வாலுக்குப் போக வேண்டும் என்று, போன தடவை காய்ச்சலோடு காஞ்சிபுரம் போய்ப் புதுப்பித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள்.

"என்னம்மா, உன்னுது?" தணிகாசலத்தின் கையில், சான்றிதழ் கொடுக்க வரும் விருந்தினருக்கான ரோஜா மாலை இருந்தது. அட்டையை ஒப்படைத்தால்தான் சான்றிதழும் கருவிப் பெட்டியும் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

"இன்னாத்துக்கு சார் அது?"

"நீ இப்ப முதலாளி. முதலாளிக்கு எதுக்கு எம்ப்ளாய்மென்ட் கார்டு? வேலையில்லாதவங்க பட்டியல்ல பன்னெண்டு பேர் கொறைஞ்சாங்கன்னு நான் மேல எழுதணும். பதினொன்னுன்னு எழுதினா எப்படி இருக்கும்?"

"கொறையறது பேரு தான சார். நாங்க அப்டியே தான கீறோம்."

"ரிஸ்க் எடுக்கத் தெரியணும்மா. ஒரு காலை ஆத்துல, ஒரு காலைச் சேத்துல வெச்சிகிட்டு..."

நாற்பது நாள் தலையாட்டிய கழுத்து கங்காவுக்கு வலித்தது.

"சரி சார். நானும் வெக்கிறேன். நீங்க ஒரு வெள்ளப் பேப்பர்ல ராஜினாமா எழுதி, இந்த அட்டைங்க மேலயே வைங்க. நாளைக்கே ரெண்டு பேருமா ரோட்டு மேல கடை போடலாம். நீங்க பேசுங்க, நான் சுத்தறேன்."

தணிகாசலம் வாயைத் திறந்து, இருபத்திரண்டு வருடத்தையும் ஒருமுறை விழுங்கினார்.

"பேச்சப் பாரு! பொம்பளப் புள்ளைக்கு..."

"சார்," கடைசி பெஞ்சிலிருந்து பாபு எழுந்து வந்தான். "என்னுது கொஞ்சம் குடுங்க. பாத்துட்டுத் தரேன்."

"எதுக்குய்யா?"

"நம்பர் மறந்துபோச்சு."

அவன் இழுத்ததில் அடுக்கு சரிந்து தரையெல்லாம் அட்டை. அடுத்த நொடி பதினோரு முதலாளிகளும் மண்டியிட்டிருந்தார்கள். "தள்றா, அது என்னுது!" "கால எடு சார், கால எடு!" ஒருவன் மேசைக்கு அடியில் அதிகாரியின் செருப்பைத் தூக்கிப் பார்த்தான். வெளியே ஜீப் வந்து நின்றது.

சுவரோரம் பன்னிரண்டு இரும்புப் பெட்டிகள், வெள்ளைப் பெயின்டில் பெயரோடு. கங்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன் பெயர் போட்ட பெட்டியைத் தேடி எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"யம்மா, பெட்டிய வை! அது அரசாங்க சொத்து!"

துரத்தி வர அவருக்கு வழியில்லை. கையில் மாலை, காலடியில் ஆட்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய விருந்தினர், எதிரே வந்த பெண்ணை வரவேற்க வந்தவள் என்று நினைத்துக் கும்பிட்டார். கங்கா நிற்காமல் நடந்தாள். அவள் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்குள் ஸ்பேனர்கள் மோதிக்கொண்டே போயின.